சிரிப்புக்கு ஒரு சோளம்

டிவியில் ஓடும் அந்தக் கார்ட்டூன் பொம்மை நாடகத்துக்கென்று கைபேசியில் ஒரு குழு இருக்கிறது. நானும் அதில் இருக்கிறேன், ஒரு வார்த்தைகூட எழுதியதில்லை. நாடகமும் இன்னும் முடிந்தபாடில்லை, அது கெட்டுப்போய்விட்டதா இல்லையா என்ற சண்டையும் முடிந்தபாடில்லை. முதல் நூறு பார்ட்டோடு நிறுத்தியிருக்க வேண்டும் என்று ஒருவர் எழுதுவார். பிடிக்காவிட்டால் பார்க்காதே என்று இன்னொருவர் எகிறுவார். வாத்து பேசத் தொடங்கியதிலிருந்துதான் எல்லாம் போச்சு என்று யாராவது எழுதினால் மட்டும் நான் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். அதை எங்கள் சித்தப்பா பதினான்கு வருஷத்துக்கு முன்பே சொல்லிவிட்டார்.

எங்கள் ஊர் சின்னசேலத்திலிருந்து கச்சிராயபாளையம் போகிற வழியில், மக்காச்சோளக் கொல்லைகளுக்கு நடுவில் இருந்தது. எனக்கு அப்போது பத்து வயது, அண்ணனுக்குப் பன்னிரண்டு. தினமும் சாயங்காலம் ஆறரைக்கு அந்த நாடகம் வரும். எந்த நாட்டில் வரைந்தார்களோ, தமிழில் பேசவைத்துப் போட்டார்கள். முடிவெட்டும் கடை வைத்திருக்கும் ஒரு மொட்டைத்தலை அப்பா, அவரை ஒரு வேலையும் உருப்படியாகச் செய்யவிடாத குடும்பம், கடைக்கு வருகிறவர்களைக் கொத்தும் ஒரு வாத்து. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே ஓடிக்கொண்டிருந்த கதை அது.

எங்களுக்கு அந்த நாடகத்தைப் பழக்கியதே சித்தப்பாதான். அப்பாவின் கடைசித் தம்பி. சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை. லீவுக்கு வந்தால் எங்களோடு உட்கார்ந்து, பக்கத்திலிருக்கும் சோள மூட்டையைக் குத்திக் குத்திச் சிரிப்பார். அந்த வருஷம் வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டார். வந்த புதிதில் பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வயிற்றுவலி என்று எங்களுக்குச் சொன்னார்கள். அதன்பிறகு அவர் கொல்லைக்குப் போனாலும் கடைக்குப் போனாலும், அண்ணனையோ என்னையோ கூடவே அனுப்புவாள் அம்மா. அவர்தான் எங்களுக்குத் துணை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்த சித்தப்பாவுக்கு நாடகம் பிடிக்காமல் போய்விட்டது. பார்ப்பார், சிரிக்கமாட்டார். அண்ணனுக்கு அது பொறுக்கவில்லை.

“இன்னா சித்தப்பா, கல்லு மாதிரி உக்காந்துனு இருக்க?”

“முன்ன மாதிரி இல்லடா. பழைய பார்ட்டுல அந்த வாத்து வாயத் தொறக்காது. சும்மா பாத்துக்கினு இருக்கும், அதுக்கே சிரிப்பு வரும். அது பேச ஆரம்பிச்ச அன்னிக்கே நாடகம் செத்துப்போச்சு.”

“இப்பதான் கலரு ஜாஸ்தி, சண்ட ஜாஸ்தி. நெலாவுக்கெல்லாம் போறாங்க!”

“முடிவெட்றவனுக்கு நெலாவுல இன்னாடா வேல?”

இப்படியே நாள்கணக்கில் போனது. அண்ணன் விடாக்கண்டன். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தான். ஆளுக்கு ஒரு எவர்சில்வர் டம்ளர். ஒரு தடவை சிரித்தால் ஒரு சோளம் அதில் விழும். ஒரு வாரம் எண்ணிப் பார்த்தால் நாடகம் நல்லாயிருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். சித்தப்பாவும் ஒத்துக்கொண்டு ஒரு நிபந்தனை போட்டார். வாரம் முழுக்க அவருடைய டம்ளர் காலியாக இருந்தால் நாடகம் செத்துவிட்டதென்று நாங்கள் ஒத்துக்கொள்ள வேண்டும், அதற்கப்புறம் அவரைப் பார்க்கச் சொல்லிக் கூப்பிடக் கூடாது. சோளம் போடும் வேலையை என்னிடம் கொடுத்தவரும் அவர்தான். “பாப்பா போடட்டும். அது பொய் சொல்லாது” என்றார்.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் என் டம்ளரிலும் அண்ணன் டம்ளரிலும் மணிகள் கணகணவென்று விழுந்தன. சித்தப்பாவின் டம்ளரில் அடி தெரிந்தது. தினமும் அடுப்படியிலிருந்து அம்மா கேட்பாள்: “இன்னிக்கு சித்தப்பா டம்ளர்ல எத்தினி?” ஒன்றுமில்லை என்பேன். “ஒண்ணுகூடவா இல்ல?” என்று தோசைக் கரண்டியைப் பிடித்தபடி நிற்பாள். தோசை தீய்ந்து வாடை வரும். அம்மாவும் எங்கள் கட்சிதான், நாடகம் தோற்றுவிடுமோ என்று அவளுக்கும் கவலை என்று எனக்குள் ஒரு பெருமை.

வியாழக்கிழமை, எல்லாரும் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, சித்தப்பாவின் டம்ளருக்குள் விரலை விட்டு, சத்தம் வராமல் இரண்டு சோளத்தை அடியில் வைத்தேன். வேலியே பயிரை மேய்ந்தது. பந்தயத்தில் ஜெயிக்க வேண்டுமென்று மட்டும் அல்ல. அவர் எழுந்து போய்விட்டால் அந்த மூட்டைப் பக்கம் காலியாகக் கிடக்குமே என்று எனக்கு அழுகையாக வந்தது.

அன்றைக்கு இரண்டு என்று சொன்னதும் அம்மா என் கன்னத்தை வழித்து முத்தமிட்டாள், கைநிறைய பொட்டுக்கடலையும் வெல்லமும் கொடுத்தாள். அதுபோதும் எனக்கு. வெள்ளிக்கிழமை மூன்று வைத்தேன். சனிக்கிழமையும் மூன்று. ஞாயிற்றுக்கிழமை இன்னும் மூன்று. அன்று அம்மாவே வந்து டம்ளரைக் கையில் கவிழ்த்து எண்ணினாள். பதினொன்று. திரும்பப் போட்டுவிட்டு, வாசலில் இருந்த அப்பாவிடம் போய், “இனிமே பயமில்லீங்க. தம்பி தேறிட்டாரு” என்றாள். நாடகம் பார்ப்பதற்கு என்ன தேறுவது என்று எனக்குப் புரியவில்லை.

அண்ணன் பஞ்சாயத்துத் தலைவர் மாதிரி தீர்ப்பைப் படித்தான். சித்தப்பா டம்ளரை எடுத்து உள்ளே பார்த்தார்.

“பதினொண்ணா? நான் சிரிச்சது எனக்கே தெரியிலியே.”

பிறகு என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவருக்குத் தெரிந்துவிட்டது. என் தலையில் கை வைத்து, “சரிப்பா, நான் தோத்துட்டேன். நாடகம் நல்லாதான் இருக்குது. நீங்க வுடாம பாருங்க” என்றார். நானும் அண்ணனும் சோள மூட்டை மேல் ஏறிக் குதித்தோம்.

மறுநாள் காலையில் கச்சிராயபாளையத்தில் ஒரு சிநேகிதனைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிச் சித்தப்பா சட்டை போட்டார். நான் வழக்கம்போலச் செருப்பைத் தேடினேன்.

“நீ இன்னாத்துக்கு? இஸ்கோலுக்குக் கெளம்பு. அவரு போயிட்டு வரட்டும்” என்றாள் அம்மா.

“வரேன் அண்ணி” என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் ஆறரைக்கு மூன்று டம்ளரையும் வரிசையாக வைத்துக்கொண்டு காத்திருந்தோம். பஸ் போய்ப் பஸ் வந்தது. மலையடிவாரத்துக் கோமுகி அணையிலிருந்து அவரை மறுநாள்தான் கொண்டுவந்தார்கள்.

வந்தவர்களெல்லாம் அம்மாவைத்தான் கேட்டார்கள். முன்னமே ஒருதரம் அப்படிப் பண்ணின ஆளை எப்படி ஒண்டியாக அனுப்பினாய் என்று. அம்மா ஒவ்வொருத்தரிடமும் ஒரே பதிலைச் சொல்லி அழுதாள்.

“நல்லா சிரிச்சிக்கினுதாங்க இருந்தாரு. புள்ளைங்க எண்ணி வச்சிருந்துதுங்க. நானே எண்ணிப் பாத்தனே, பதினொண்ணு இருந்துதே.”

இன்றைக்கும் அவர் திதிக்கு அம்மா அதைத்தான் சொல்கிறாள். அந்த வாரத்துப் பார்ட்டுகளைப் போன வருஷம் தேடிப் பிடித்துப் பார்த்தேன். ஒன்றில்கூட எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சொன்னது சரிதான். அந்தச் சோளத்தைப் போட்டது நான்தான் என்று அம்மாவிடம் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. சொன்னால் அவள் பாரம் குறையுமா கூடுமா என்று தெரியவில்லை.

அன்றைக்கு, அவள் அப்படிச் சொல்லி அழுதபோது, நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். மெல்ல எழுந்து உள்ளே போய், சித்தப்பாவின் டம்ளரை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனேன். பதினொரு சோளத்தையும் கோழிகளுக்கு இறைத்துவிட்டு, அவை பொறுக்கித் தின்று முடிக்கும்வரை நின்று பார்த்தேன். எனக்கிருந்த பயமெல்லாம் ஒன்றுதான். நான் அழுகுணி ஆட்டம் ஆடியது அண்ணனுக்குத் தெரிந்துவிடக் கூடாது.