ஊர்ப்பட்டியலில் நின்ற கை

எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்தால் உள்துறைமுகத் தண்ணீர் ஒரு துண்டு தெரியும். மத்தியானம் திரும்பியதும் அந்தத் துண்டில் வெயில் பட்டு, அறைச் சுவரெல்லாம் மெல்ல அசையத் தொடங்கும். அந்த அசைவுக்குள்தான் என் மனைவி கணினிக்கு முன்னால் இருப்பாள். அவளுக்குச் சுவர் தெரியாது. பார்வை போய் ஏழு வருடம்.

இன்னும் செய்து முடியாத இயங்குதளம் ஒன்றைக் கணினியில் ஏற்றிப் பார்ப்பது என் ஓய்வுகாலப் பைத்தியம். செய்கிறவர்கள் தினமும் ஒரு பதிப்பை வெளியிடுவார்கள். என்னைப்போல வேலையற்றவர்கள் அதைப் பென்டிரைவில் எடுத்து ஏற்றி, எங்கே இடறுகிறது என்று எழுதி அனுப்புவோம். இந்தமுறை வந்ததில், ஏற்றும்போதே எல்லாவற்றையும் தமிழில் வாசித்துக்காட்டும் குரல் ஒன்று இருந்தது. மனைவி அதைக் கேட்டுவிட்டு, "இதை நான் தனியத்தான் ஏத்துவன். நீங்கள் கை வைக்கப்படாது," என்றாள். அவள் குரலில் அப்படியொரு ஆசையைக் கேட்டு எத்தனையோ காலம்.

மூன்று தடவை ஏற்றினாள். மூன்று தடவையும் பாதிவழியில் குரல் நின்று, எல்லாம் குழம்பிப்போனது. அதே பென்டிரைவை அதே கணினியில் செருகி நான் ஏற்றினால் கால்மணித்தியாலத்தில் முடிந்தது. எனக்குப் பொறுமை குறைவு. "நீர் எதையோ மாறித் தட்டிப்போட்டீர்," என்றேன்.

"அப்ப நீங்களே ஏத்துங்கோ. எனக்கு ஏலாது," என்று எழும்பிக் குசினிக்குப் போய்விட்டாள். சண்டை பிடித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

இரண்டு நாள் கெஞ்சித்தான் அவளைத் திரும்பவும் இருத்தினேன். வாய் திறப்பதில்லை என்று சத்தியம் பண்ணிவிட்டுப் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். கடிகாரத்துக்கு எந்த ஊர் நேரத்தை வைப்பது என்று கேட்கும் இடம் வந்தது. நான் என்றால் கொழும்பைத் தட்டிவிட்டு ஓடிவிடுவேன். அவள் கொழும்பைத் தாண்டி இறங்கினாள். டமாஸ்கஸ், டாக்கா, துபாய் என்று குரல் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனது. பார்வை போகமுன் அவள் வேலைசெய்த மஸ்கட்டில் கை நின்றது. வெளியே ஒரு கப்பல் ஊதியது. சுவரில் வெளிச்சம் அசைய, எனக்கும் கண் சொருகியது. விழித்துப் பார்த்தால் திரை இருண்டு கிடந்தது. அவள் விசையைத் தட்டினாள். குரல் வரவில்லை.

"இவ்வளவு நேரமும் என்ன செய்தனீர்?" என்று கேட்டேன்.

"அங்கை இப்ப வெயிலோ மழையோ எண்டு யோசிச்சுக்கொண்டிருந்தனான்."

பத்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் கணினி தூங்கிவிடுகிறது. எழும்பும்போது பென்டிரைவ் செருகியிருப்பதையே அது மறந்துவிடுகிறது. அவசரக்காரனான எனக்கு இந்தப் பிழை ஒருநாளும் அகப்பட்டிருக்காது. வெட்கமாக இருந்தது. அவளில் பிழையில்லை, நான் சொன்னது அநியாயம் என்று சொன்னேன்.

"ஓம், அதையும் சேர்த்து எழுதி அனுப்புங்கோ," என்றாள்.

எழுதினேன். ஒரு கிழமையில் திருத்திய பதிப்பு வந்தது. அன்றைக்கு என்னை விறாந்தைக்கு அனுப்பிவிட்டாள். உள்ளே குரல் ஊர் ஊராகப் போய், நெடுநேரம் எங்கோ நின்று, பிறகு நடந்தது. கடைசியில் விசைகள் தட்டுப்படும் சத்தம்.

"ஏத்தி முடிஞ்சுது," என்றாள்.

எழும்பி உள்ளே போனேன். ஏழு வருடமாக அவளுக்கு வந்த கடிதமெல்லாம் திறந்து வாசித்தவன் நான். அந்தப் பழக்கத்தில், "பாஸ்வேர்ட் என்ன குடுத்தனீர்?" என்று கேட்டேன்.

"அது ஏன் உங்களுக்கு?" என்றாள்.