வீட்டுக்கு ஒரு பங்கு

மொன்றியல் செயின்ட்-மிஷேலில் இருந்த அந்த மூன்று மாடி வீட்டின் பொயிலர் ஒக்ரோபர் கடைசியில் செத்துப்போனது. பேஸ்மென்றில் கிடந்து மூன்று குடும்பத்தையும் சூடாக வைத்திருந்த கிழட்டுச் சாமான் அது. பார்க்க வந்தவன் நாலு இடத்தில் தட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினான். புதிதுக்கு இருபத்துநாலாயிரம் டொலர் என்று எழுதிக் கொடுத்து, "மெர்சி" சொல்லிவிட்டுப் போய்விட்டான். மூன்று குடும்பம் சேர்ந்து வாங்கிய வீடு. குடும்பத்துக்கு எட்டாயிரம். இதில் மண்டையை உடைக்க என்ன இருக்கிறது? மற்ற நாளென்றால் ஜெராட்டும் இதையேதான் கேட்டிருப்பார்.

ஜெராட்டுக்கு எழுபத்துமூன்று வயது. திருகோணமலைக்காரர். டோர்வல் விமான நிலையத்தில் இருபத்தாறு வருடம் சாப்பாட்டுத் தட்டு அடுக்கி ஓய்வு பெற்றவர். பனி அள்ளுவதா, கூரை ஒழுக்கா, படிக்கட்டு பல்ப்பா, எதுவானாலும் வீட்டுக்கு ஒரு பங்கு என்று தன் கையால் எழுதிப் பேஸ்மென்ற் சுவரில் ஒட்டிவைத்திருந்தார். அதில் எழுத்துப் பிழைகூடக் கிடையாது. "இந்த மனுசன் மோட்சத்துக்குப் போனாலும் வாசலில நிண்டு பங்கு பிரிக்கும்" என்பாள் அவர் மனைவி ஸ்ரெல்லா.

அந்த ஜெராட்தான் மேல்மாடி உதயனைப் படியில் மறித்து, "கீழ்வீட்டுக் கௌசி நாலாயிரம் தந்தாக் காணும், மிச்ச நாலையும் நான் போடுறன்" என்றார்.

உதயனுக்கு நம்ப முடியவில்லை. "அண்ணை, போன வருசம் நான் ரெண்டு மாதம் ஊரில நிண்டும் என்னட்டைப் பனிக்காசு வாங்கினீங்கள். உங்களுக்குச் சுகமில்லையோ?"

"சுகமாத்தான் இருக்கிறன். உனக்கு எட்டாயிரத்துக்கு மேல ஒரு சதம் வராது. விடு."

தன் தலையில் விழாத செலவு என்று தெரிந்ததும் உதயன் மேற்கொண்டு கேள்வி கேட்கவில்லை. எவன்தான் கேட்பான்?

ஜெராட் பிறந்து வளர்ந்த இடத்துக்குத் தாங்கியடி என்று பெயர். இரண்டாம் உலக யுத்தத்தில் வெள்ளைக்காரன் கப்பல்களுக்குத் தண்ணீர் ஏற்ற அங்கே ஒரு எஞ்சினும் உயரத்தில் ஒரு இரும்புத் தண்ணீர்த் தாங்கியும் வைத்தான். ஜெராட்டின் அப்பா அதில் எண்ணெய் போடும் வேலை பார்த்தவர். அந்த எஞ்சினுக்கு யார் காசு கட்டுவது என்று கடற்படைக்கும் கொழும்பு அரசாங்கத்துக்கும் பெரிய இழுபறி நடந்ததாம். தண்ணீரை ஊர்ச்சனமும் குடிக்கிறது, நீயும் பாதி போடு என்று கடற்படை சொல்லுமாம். யுத்தம் உன்னுடையது, கப்பலும் உன்னுடையது, எஞ்சினுக்கும் நீயே அழு என்று கொழும்பு சொல்லுமாம். யுத்தம் முடிந்து, கடைசியில் வெள்ளைக்காரனே மூட்டை கட்டும்வரை கடிதங்கள் ஓயவில்லை என்று அப்பா சொல்லிச் சிரிப்பார். ஆனால் அத்தனை வருடத்திலும் ஒரு நாள்கூட ஒருவனும் குழாயைப் பூட்டவில்லை. இதையும் அப்பா சொல்லித்தான் இருந்தார். ஜெராட் சிரிப்பை மட்டும் எடுத்துக்கொண்டார்.

எங்கள் யுத்தம் வந்தது. கரண்ட் போனது, குழாயில் தண்ணீரும் நின்றது. தொண்ணூற்றோராம் ஆண்டு தாங்கியடியில் மிஞ்சியிருந்த பதினொரு வீடும் கூடி, துருப்பிடித்துக் கிடந்த அந்த எஞ்சினை மண்ணெண்ணெயில் ஓடவைத்தார்கள். எஞ்சினின் நாடி தெரிந்தவர் ஜெராட்தான் என்பதால் பொறுப்பும் அவரிடமே வந்தது. அவரும் சட்டம் போட்டார்: கிழமைக்கு வீட்டுக்கு ஒரு போத்தல் மண்ணெண்ணெய். தராத வீட்டுக்குக் குழாய் பூட்டு. ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்குச் சனம் விடிய முதலே வரிசையில் நின்ற காலம் அது. சட்டம் இல்லாவிட்டால் எஞ்சின் ஒரு மாதம் ஓடியிராது. அவர் பக்கம் நியாயம் இருந்ததை நானும் மறுக்கவில்லை.

நான்காம் மாதம் இலட்சுமிப்பிள்ளை அரைப் போத்தலோடு வந்தாள். புருஷனைப் பிடித்துக்கொண்டு போய் ஒரு வருடமாகத் தகவல் இல்லை. வீட்டில் அவளும் ஒரு பெண்பிள்ளையும் மட்டும்.

"நாங்கள் ரெண்டு சீவன்தானே தம்பி. ரெண்டு வாளித் தண்ணி காணும். அரைப்பங்காப் போடுங்கோ."

"உங்களுக்கு அரை எண்டால் நாளைக்கு எல்லாரும் அரையோட வருவினம் அக்கா. சட்டம் சட்டம்தான்."

அவள் சண்டை பிடிக்கவில்லை. போத்தலை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள். அடுத்த நாள் ஜெராட் அந்த வீட்டுக் குழாயைப் பூட்டினார். அதற்குப் பிறகு அவள் தண்ணீருக்குச் ஆமிச் சென்றிப் பொயின்றுக்கு அப்பால் இருந்த பொதுக்கிணற்றுக்குப் போனாள். மூன்றாம் கிழமை ஒரு காலையில் அந்தப் பக்கம் சூடு கேட்டது. யாரை யார் சுட்டார்கள் என்று இன்றைக்கும் தெரியாது. இலட்சுமிப்பிள்ளை குடத்தோடு விழுந்து கிடந்தாள்.

ஜெராட் ஓடிப்போய்க் குழாயைத் திறந்தார். அவளைக் குளிப்பாட்டுவதற்குத்தான் அந்த வீட்டில் திரும்பவும் தண்ணீர் வந்தது.

பிள்ளையைச் சித்தி ஒருத்தி கூட்டிக்கொண்டு போனாள். அந்தப் பிள்ளைதான் கௌசி. இருபத்துமூன்று வருடம் கழித்து மொன்றியலில் ஒரு கலியாண வீட்டில் அவளைக் கண்டபோது ஜெராட்டுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவள் ஒரு garderie-யில் பிள்ளை பார்க்கிற வேலையில் இருந்தாள். புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான். நிருஷா என்று ஒரு மகள். வீடு தேடுகிறேன் என்றாள். இந்த வீட்டைச் சேர்ந்து வாங்கலாம் என்று ஜெராட்தான் வலியக் கேட்டார். அன்றிலிருந்து பதினொரு வருடம் ஒரே கூரை. அவள் படியில் கண்டால் "அங்கிள், சாப்பிட்டீங்களோ?" என்று சிரிப்பாள். ஒவ்வொரு சிரிப்புக்கும் அவர் தலையைக் குனிந்துகொண்டு படியேறுவார். இவளுக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்தால் இந்த முகத்தில் விழிப்பாளா என்று எண்ணுவார். சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு பெரிய வெள்ளிக்கும் நினைப்பார். உயிர்த்த ஞாயிறு வந்ததும் தள்ளிப்போடுவார்.

பொயிலர் இதற்குமேல் தள்ளிப்போட விடவில்லை. திரும்பவும் பங்கு, திரும்பவும் இரண்டே சீவன் உள்ள ஒரு வீடு. அவள் காசுக்கு முட்டுப்படுகிறாள் என்பதும் அவருக்குத் தெரியும்.

"எங்கட பங்கு பன்னிரண்டாயிரமோ?" என்றாள் ஸ்ரெல்லா. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "குடுங்கோ, நான் மறிக்கேல்லை. ஆனா காசை மட்டும் குடுத்திட்டு வாயை மூடிக்கொண்டு வாறதெண்டால் போகாதேங்கோ."

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் ஜெராட் கோட்டைக்கூடக் கழற்றாமல் கீழ்வீட்டுக் கதவைத் தட்டினார். வீடு குளிர்ந்து கிடந்தது. கௌசி சால்வையைப் போர்த்துக்கொண்டு மேசையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"பிள்ளை, பொயிலருக்கு நீ நாலாயிரம் தந்தாக் காணும். நீங்கள் ரெண்டு பேர்தானே."

கீரை ஆய்ந்த கை நின்றது. அவள் நிமிரவில்லை.

இனி ஜெராட்டால் ஓடமுடியாது. "உன்ர அம்மா ஒருநாள் என்னட்டை அரைப் போத்தல் மண்ணெண்ணெய் கொண்டு வந்தவ..." என்று தொடங்கினார்.

"தெரியும் அங்கிள். நானும் வந்தனான். படலைக்கு வெளியால நிண்டனான்."

அவர் அருகில் இருந்த கதிரையில் உட்கார்ந்துவிட்டார். பதினொரு வருடமாக அவர் ஒளித்து வைத்திருந்தது அவளிடம் முப்பத்துநாலு வருடமாக இருந்திருக்கிறது.

"தெரிஞ்சுமோ என்னோட சேர்ந்து வீடு வாங்கினனீ?"

"எனக்கு அப்ப வீடு வேணும். நீங்கள் பங்கில ஒரு சதமும் பிசகாத ஆள் எண்டதும் எனக்குத்தானே தெரியும்." அவள் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் அவருக்குச் சுகமாக இருந்திருக்கும். "திரும்பி வரேக்க அம்மா அழுதவ. தண்ணிக்கில்லை. அரைப்பங்கு எண்டு வாய்விட்டுக் கேட்டுட்டனே எண்டு அழுதவ."

"என்னை மன்னிச்சுக்கொள்ளு பிள்ளை. நான் செய்தது பெரிய பிழை. ஒரு போத்தலுக்காக... இதையாவது செய்ய விடு."

கௌசி எழுந்து போய்க் கையைக் கழுவினாள். அலமாரியில் இருந்து காசோலைப் புத்தகத்தை எடுத்து, மேசையில் வைத்து எழுதினாள். எட்டாயிரம். முழுப்பங்கு.

"உங்களில கோவம் இல்லை அங்கிள். ஆனா அரைப்பங்கை நீங்கள் அண்டைக்கு வாங்கியிருக்கவேணும்."

காசோலையை நீட்டிக்கொண்டு நின்றாள். வாங்கமாட்டேன் என்று சொல்ல இந்த முறை அவருக்கு வாய் வரவில்லை. வாங்கிக்கொண்டார்.