வெயிட் இல்லாத குக்கர்

என் சித்தப்பா குக்கர் ரிப்பேர் செய்பவர். ரிப்பேர் என்பது பேருக்குத்தான், உண்மையில் அவர் செய்வது விசாரணை. கொண்டுவந்த குக்கரின் மூடியைத் திருப்புவார், கேஸ்கெட்டை விரலால் அழுத்திப் பார்ப்பார், அடியில் பிடித்ததை நகத்தால் சுரண்டி முகர்வார். "பருப்ப வெச்சிட்டு போன் பேசப் போயிட்டீங்களா?" என்பார். எதிரில் நிற்பவர் இல்லை என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் நம்பமாட்டார்.

விசில் கேட்காமல் அடுப்பில் விட்டுக் குக்கரைக் கருக்கிக் கொண்டுவந்த ஓர் அம்மாவிடம், "காது கேக்காதவங்களுக்கு எதுக்கும்மா குக்கரு? மண்சட்டி போதுமே" என்று ஒருமுறை சொல்லியிருக்கிறார். அந்த ஜோக்கைச் சாப்பிட உட்காரும்போதெல்லாம் சொல்வார். சித்தியும் சிரிப்பார். கொஞ்ச நாளாகச் சிரிப்பதில்லை. ஒரே ஜோக்குக்கு எத்தனை வருஷம்தான் சிரிப்பது என்று நினைத்துக்கொண்டேன்.

நான் அவர்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். ஒருநாள் சித்தப்பா மூச்சிரைக்கப் படியேறி வந்தார்.

"உண்மையச் சொல்லு. நீதான சமைச்சுக் குடுக்கற?"

"யாருக்கு?"

"எனக்கு. உங்க சித்தி சமைக்கறதே இல்ல. குக்கர்ல வெந்த பருப்பு சுத்தமா குழைஞ்சிருக்கும். இது அப்படியில்ல. பாதி மசிஞ்சு, பாதி பருப்பு பருப்பாவே நிக்குது. வாசனையும் கூட. நல்லாவே இருக்கு. அதுதான் எனக்கு இடிக்குது."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் சமையலை என் வீட்டுக்காரரே முகம் சுளித்துத்தான் சாப்பிடுகிறார். அதைத் திருட்டுத்தனமாகக் கீழ்வீட்டுக்கு வேறு அனுப்புவேனா? சொன்னேன். அந்த ஒரு காரணத்தை மட்டும் அவர் உடனே நம்பிவிட்டார்.

ஆனால் சந்தேகம் தீரவில்லை. அன்று கடைக்குப் போகும்போது வீட்டுக் குக்கரின் வெயிட்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார். வெயிட் இல்லாமல் குக்கரில் விசில் வராது. ராத்திரி தட்டில் பருப்பு வந்தது. நெய்யில் சீரகம் பொரித்துத் தாளித்த பருப்பு.

"எத்தன விசில் விட்டே?" என்று நேருக்கு நேர் பார்த்துக் கேட்டாராம்.

"எப்பவும்போலதான், மூணு" என்றாராம் சித்தி.

மறுநாள் காலை என்னிடம் இதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்திருந்தது. "இத்தன வருஷத்துல எங்கிட்ட ஒரு பொய் சொன்னதில்லம்மா. இன்னும் என்னென்ன மறைக்கறாளோ?" எனக்குப் பாவமாக இருந்தது. அவர் கேட்டது பருப்பைப் பற்றி மட்டுமல்ல.

அன்று மத்தியானம் கையும் களவுமாகப் பிடிக்க வந்தார். சாட்சிக்கு நான். கூடத்திலிருந்து சித்தியைக் கூப்பிட்டார். பதில் இல்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டார். "பாத்தியா, வேணும்னே திரும்பமாட்டேங்கறா" என்று என்னிடம் முணுமுணுத்தார்.

சமையலறைக்குள் எட்டிப் பார்த்தோம். சித்தி அடுப்புக்கு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். திறந்த பாத்திரத்தில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. பொங்கிவந்த நுரையைக் கரண்டியால் எடுத்துப் போட்டார். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மஞ்சள்தூள் போட்டு, தண்ணீர் ஊற்றிய தட்டால் மூடினார். தட்டுத் தண்ணீர் சூடானதும் அதையே பருப்பில் ஊற்றி, ஒரு பருப்பை எடுத்து விரல் நடுவே நசுக்கிப் பார்த்தார். கண்ணை அடுப்பிலிருந்து எடுக்கவேயில்லை. குக்கர் மேடை மூலையில் சும்மா கிடந்தது.

சித்தப்பா போய் வெயிட்டை அடுப்பு மேடையில் டக்கென்று வைத்தார். சித்தி தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினார். கரண்டி கீழே விழுந்தது.

"எப்ப வந்தீங்க?"

"தொண்டத்தண்ணி வத்தக் கத்தினேனே!"

சித்தி என்னைப் பார்த்தார். ஆமாம் என்று தலையாட்டினேன். சித்தி வெயிட்டைக் கையில் எடுத்தார்.

"எனக்கு விசில் கேக்கறதில்லைங்க. முன்னாடி நின்னு பேசினா புரியுது. விசில் மட்டும் சுத்தமா கேக்கல. ரெண்டு தடவ பருப்பு கருகிடுச்சு."

"எங்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"சொன்னா நாளைலேர்ந்து சாப்பிட உக்காந்து, அந்த ஜோக்க என்னையும் வெச்சு சொல்வீங்க."

சித்தப்பா குனிந்து கரண்டியை எடுத்துக் கழுவி, சித்தி கையில் கொடுத்தார். கடையில் தூரத்திலிருக்கும் குக்கரின் ஆவிக் கசிவைக்கூடக் கேட்டுப் பிடிக்கும் மனிதர் அவர். அவமானத்தில் காது மடல் சிவந்திருந்தது.

காது டாக்டரிடம் போய்விட்டு வந்தார்கள். காதுக்கு வைக்கும் மிஷின் வர நாளாகும் என்றார்களாம். அதுவரை சித்தப்பா கடையைத் தாமதமாகத் திறக்கிறார். காலையில் குக்கருக்குப் பக்கத்தில் நின்று விசில் வர வர ஒவ்வொரு விரலாக நீட்டுகிறார். நேற்று நானும் கீழே நின்றிருந்தேன். அவர் மூன்று விரலையும் நீட்டியபோது சித்தி அடுப்பை அணைக்கவில்லை. அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நெஜமாவே மூணு அடிச்சுதாடி? இவரு சொல்றத நம்பலாமா?"

சித்தப்பா விரலை மடக்காமல் என் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.