திமிங்கலக் குட்டிக்கு ஊற்றிய குழாய்த் தண்ணீர்

அறுபதுகளின் நடுவில் ஒரு கோடைக்காலம். கல்யாணமாகி, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பம்பாய் தாராவிக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. அங்கே நான் முதன்முதலில் கற்றுக்கொண்டது சமையல் இல்லை, குழாயடியில் சண்டை போடுவது. வரிசையில் நின்று பிடித்த தண்ணீர்தான் அன்றைக்குக் குடிக்கவும் உலை வைக்கவும். எவளாவது முன்னால் குடத்தை நகர்த்தினால் குடுமிப்பிடிதான். அதில் எதிர்வீட்டு அக்கா கெட்டிக்காரி. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே, அரைகுறை ஹிந்தியில் நாலு பேர் வாயை அடைத்துவிடுவாள்.

ஒரு நாள் காலை, பக்கத்து மாஹிம் கடற்கரைச் சேற்றில் பெரிய மீன் ஒதுங்கியிருக்கிறது என்று தெருவே ஓடியது. நானும் அக்காவும் போனோம். அது மீனே இல்லை, திமிங்கலக் குட்டி. குட்டி என்றுதான் பேர், லாரி நீளம் இருந்தது. கடல் உள்வாங்கிவிட்டதில் வழி தெரியாமல் மாட்டிக்கொண்டிருந்தது. அது மூச்சு விட்ட சத்தம், மனுஷர் பெருமூச்சு விடுகிற மாதிரியே இருந்தது. வெயில் ஏற ஏறத் தோல் சுருங்கத் தொடங்கியது. எனக்குப் பார்க்கவே முடியவில்லை.

அங்கே நின்ற மராத்தி மீனவர் ஒருவர் கடலைக் கைகாட்டி, "ஆயி பாஹேர் ஆஹே" என்றார், அம்மா வெளியே இருக்கிறாள் என்று. வெகு தூரத்தில் புகை மாதிரி தண்ணீர் எழும்பி அடங்கியது. குட்டியை விட்டுப் போக மனசில்லாமல் தாய் வெளியே நின்றிருக்கிறது! மதியம் கடல் ஏறும், அதுவரைக்கும் தோல் காயாமல் பார்த்துக்கொண்டால் பிழைத்துவிடும் என்று பேச்சும் சைகையுமாகப் புரியவைத்தார்.

எங்கள் ஆட்களில் பாதிப் பேர் தோல் பதனிடும் ஷெட்டுகளில் வேலை பார்த்தவர்கள். தோல் காயாமல் வைப்பது அவர்களுக்குப் புதுசா என்ன? சாக்குகளைக் கொண்டுவந்து மேலே போர்த்தினார்கள். நனைக்கப் பக்கத்து ஓடையில் மொண்டார்கள். ஷெட்டுக் கழிவெல்லாம் கலந்த கறுப்புத் தண்ணீர் அது. அக்கா பாய்ந்துவிட்டாள்.

"நிறுத்துங்கவே! அந்தச் சுண்ணாம்புத் தண்ணியில நாமளே கால் வைக்க மாட்டோம். பச்சப்புள்ள மேலயா ஊத்துதிய? கண்ணு அவிஞ்சு போவாதா?"

குழந்தையை என் கையில் திணித்துவிட்டு வீட்டுக்குப் போனவள், காலையில் பிடித்த குடத்தோடு வந்தாள். "உலைக்கு என்னக்கா செய்ய?" என்று கேட்டேன். "ஒரு நாள் பட்டினி கெடந்தா செத்துர மாட்ட. போயி ஒன் கொடத்தையும் எடுத்துட்டு வா ஏட்டி" என்றாள்.

அப்புறம் நடந்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். குழாயடியில் ஒரு சொம்புக்கு மயிரைப் பிடித்து இழுத்தவர்கள் எல்லாம் ஒருத்திக்குப் பின்னால் ஒருத்தியாகக் குடத்தோடு வந்தார்கள். மூச்சுத் துளையில் தண்ணீர் படாமல் அந்த மீனவர் கையை வைத்து மறைத்துக்கொண்டார். மதியம் கடல் ஏறியதும் ஆண்கள் தள்ள, மீனவர்கள் படகில் கயிறு கட்டி இழுக்க, குட்டி ஒரு புரட்டு புரண்டு நீந்திப் போயிற்று. கொஞ்ச நேரத்தில் தூரத்தில் இரண்டு இடத்தில் தண்ணீர் எழும்பியது. நாங்கள் போட்ட கூச்சலில் கைக்குழந்தைகூட அழ மறந்துவிட்டது. அன்றைக்கு எங்கள் தெருவில் அடுப்பு எரியவில்லை. வெறும் பாவ் ரொட்டியைக் கடித்துக்கொண்டு என் வீட்டுக்காரர் கத்தியது எதுவும் என் காதில் ஏறவில்லை.

அக்காவுக்கு அதற்கப்புறம் ஒரே பெருமை. "எம்புள்ள இப்ப எந்தூர்ல நீந்துதோ" என்று யாரிடமாவது சொல்லிக்கொண்டே இருப்பாள்.

சில மாதம் கழித்து அவள் தம்பி கப்பலிலிருந்து இறங்கி எங்கள் தெருவுக்கு வந்தான். எண்ணெய்க் கப்பல் ஒன்றில் சமையல் வேலை அவனுக்கு. அக்கா கதையைச் சொல்லி முடித்ததும் சிரித்தான்.

"நீ இங்கன தண்ணி ஊத்தி அனுப்புத. அங்கன நடுக்கடல்ல அதப் புடிக்கதுக்குன்னே வெளிநாட்டுக் கப்பல் நிக்கி. அதுக்கு எண்ணெ குடுக்க நாங்க ஒட்டி நின்னோம், கண்ணால பாத்தேன். தாயி, குட்டின்னு பாக்க மாட்டானுவ. ஒரு தாயக் கிழிச்சானுவ, பாலு கொடங்கொடமா கொட்டிச்சுக்கா. கடலே வெள்ளையாப் போச்சு."

அக்கா அப்போது குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். "நம்ம புள்ளயோட தாயா இருக்குமோ?" என்றாள்.

"ஒண்ணா ரெண்டா, எதுன்னு சொல்ல?"

"போலீசு கீலீசு கெடையாதா?"

"எந்த நாட்டுப் போலீசு? அது எவன் கடலும் இல்லக்கா."

"குழாயடியில ஒரு கொடத்த நகத்துனா பத்து பேரு கேக்கோம். அம்மாம் பெரிய கடல்ல கேக்க ஒரு நாதி இல்லையால?" என்றாள். அதற்குப் பிறகு அவள் அந்தக் குட்டியைப் பற்றிப் பேசியதே இல்லை.

திமிங்கலம் பல நாட்டுக் கடல்களைத் தாண்டிப் போகிற பிராணி, போகிற வழியெல்லாம் காவல் இருந்தால்தான் பிழைக்கும், அதற்கு நாடுகள் சேர்ந்து சட்டம் போட வேண்டும் என்று பிற்காலத்தில் பத்திரிகையில் படித்தேன். படித்தவர்களுக்கு அது அப்போதுதான் தெரிந்ததா, தெரிந்தும் சும்மா இருந்தார்களா, எனக்குத் தெரியாது. இப்போது என் வீட்டுக்குள்ளேயே குழாய் இருக்கிறது. ஆனாலும் ஒரு தெருவே பட்டினி கிடந்து பிழைக்கவைத்து அனுப்பிய பிள்ளைக்கு, நம் கரையைத் தாண்டியதும் கேட்க ஆளில்லாமல் போயிற்றே என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.