நின்ற லாரியில் ஓடிய இஞ்சின்

நிற்கிற லாரியில் இஞ்சின் ஓடினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சாமான் இறக்கி முடியும்வரை லாரியை உறுமவிட்டு, கல்லாவில் இருப்பவர் முகத்தில் புகையடிக்கும் டிரைவர்களோடு எத்தனையோ முறை மல்லுக்கு நின்றிருக்கிறேன். "அஞ்சே நிமிசம்லா" என்பார்கள். அந்த அஞ்சு நிமிடத்தில் ஒரு தேத்தண்ணி, ஒரு சிகரெட், ஒரு ஊர்க்கதை எல்லாம் முடிந்துவிடும். இதனால் எனக்கு 'டீசல் சாமியார்' என்று பட்டப்பெயர். வைத்தவன் என் நண்பன்.

நாங்கள் ஒரே ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்கள். நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளை இடித்த பிறகு அவன் குடும்பம் மலாக்கா டவுனுக்குப் போனது, நாங்கள் புலாவ் செபாங் பக்கம் ஒரு தாமான் குடியிருப்புக்கு வந்தோம். அவன் கிறிஸ்துவன். என் மனைவிக்கு உடன்பிறந்தவர்கள் இல்லை என்பதால், மகளுக்குக் காது குத்தியபோது தாய்மாமன் மடி அவன் மடிதான். குழந்தை வீறிட்டபோது அவனும் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அன்றிலிருந்து அவளுக்கு அவன் மாமா.

மளிகைக் கடைகளுக்கு பிஸ்கட்டும் பானங்களும் கொண்டுபோய்ப் போடும் கம்பெனியில் இருவருக்கும் வேலை. தெங்கேராவில் ஸ்டோர். மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லோரும் அங்கே திரும்பிவிடுவோம். அதன் பின்கட்டு யார்டில் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நிற்க முடியும், அவ்வளவு குறுகல். உள்ளே நிற்பது வெளியே வரவேண்டுமானால் முன்னால் நிற்பதை நகர்த்த வேண்டும். அதனால் எல்லோரும் சாவியை லாரியிலேயே விட்டுவிடுவோம். யார் லாரியை யார் எடுத்தாலும் யாரும் ஏனென்று கேட்பதில்லை.

ஒருநாள் கம்பெனி எல்லா லாரியிலும் ஒரு சின்னப் பெட்டியைப் பொருத்தியது. லாரி நிற்கும்போது இஞ்சின் ஓடினால் அது ஆபீசுக்குக் காட்டிக்கொடுத்துவிடும். யார் லாரி சும்மா ஓடுவது குறைவோ, அவருக்குப் புது லாரியும் புலாவ் செபாங் ரூட்டும் என்று அறிவித்தார்கள். நான் உள்ளுக்குள் குதித்தேன். நான் ஓட்டியது கிளேபாங் ரூட். கடற்கரைக் கூட்டத்தில் மாட்டி வீடு திரும்பும்போது இருட்டிவிடும். மனைவிக்கு ஃபேக்டரியில் மத்தியான ஷிப்ட். பள்ளிவிட்டு வரும் மகள், நான் வரும்வரை பக்கத்து வீட்டு வாசலில் பையோடு உட்கார்ந்திருப்பாள். புலாவ் செபாங் ரூட் கிடைத்தால் கடைசிக் கடையே எங்கள் தாமானில்தான், அவள் வரும் நேரத்துக்கு நான் வீட்டில் இருப்பேன். இது நண்பனுக்கும் தெரியும். "உனக்குத்தான்டா கிடைக்கும், சாமியாரே" என்று முதுகில் தட்டினான்.

மாதம் முடிந்ததும் ஆபீஸ் அக்கா என்னைக் கூப்பிட்டார். "தம்பி, உங்க லாரிதான் இருக்கிறதிலேயே மோசம்லா. யார்டுல பார்க் பண்ணி, டெய்லி மத்தியானம் இஞ்சின் ஓடுது."

"அக்கா, மத்தியானம் நான் எதிர்க்கடையில சோறு சாப்பிடுறேன். பெட்டிதான் கோளாறு" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. கூடவே வந்திருந்த நண்பன் என் தோளை அழுத்தினான். "விடுங்கக்கா. வெயிலு தாங்கல, கொஞ்சம் ஏர்கோன் போட்டுட்டான். இனிமே செய்ய மாட்டான், நான் பார்த்துக்கிறேன்." இன்னும் ஒரு மாதம் பார்க்கலாம் என்றார் அக்கா. செய்யாததற்கு மன்னிப்பு கேட்கிறானே என்று கோபம் வந்தாலும், எனக்காகப் பேச ஒருத்தன் இருக்கிறான் என்று நெஞ்சு இளகித்தான் போனது.

புரட்டாசி பிறந்தது. அந்த மாதம் நான் கவிச்சி தொடுவதில்லை, எதிர்க்கடையில் கறிக்கும் காய்க்கும் ஒரே கரண்டிதான். வீட்டுச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு யார்டு நிழலில் சாப்பிடலாம் என்று மத்தியானம் பின்பக்கமாகப் போனேன். என் லாரி உறுமிக்கொண்டிருந்தது. கண்ணாடியெல்லாம் ஏற்றியிருந்தது. உள்ளே சீட்டைச் சாய்த்து, என் துண்டைத் தலைக்கு வைத்து, நண்பன் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தான். பின்னால் அவன் லாரி சத்தமில்லாமல் நின்றது. அதிலும் ஏர்கோன் உண்டு, என்னுடையதைவிட நன்றாகவே குளிரும்.

கதவைத் தட்டினேன். திடுக்கிட்டு எழுந்தவன், என்னைப் பார்த்ததும் சிரித்தான். "உன் வண்டி என் வண்டின்னு நாம என்னைக்குடா பார்த்தோம்?"

"அப்ப உன் வண்டியில தூங்க வேண்டியதுதானே?"

சிரிப்பு நின்றது. "மச்சான், புது லாரிடா. வாழ்க்கையில ஒருவாட்டியாவது புதுசு ஓட்டிப் பார்க்கணும்லா" என்றான். பிறகு என் கையைப் பிடித்து, நாளைக்கே அக்காவிடம் தானே சொல்லிவிடுவதாகச் சொன்னான். நம்பினேன். என் பிள்ளையை மடியில் வைத்தவனை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

அவன் சொல்லவில்லை. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு நானே போய்ச் சொன்னேன். அக்கா முகம் சுளித்தார். "உங்களுக்காகப் பரிஞ்சு பேசுன ஆளு மேலயே பழி போடுறீங்களே தம்பி, நல்லாவா இருக்கு?" அன்று என் தோளில் கை வைத்து அவன் பேசியது எதற்கு என்று அப்போதுதான் உறைத்தது. லாரியில் தூங்கியதைக்கூட மன்னித்திருப்பேன். அந்தக் கையை என்னால் மன்னிக்க முடியவில்லை.

புது லாரியும் ரூட்டும் அவனுக்குப் போயின. யார்டில் எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், வேறென்ன செய்ய?

போன வாரம் இருட்டிய பிறகு வீட்டுக்கு வந்தேன். மகள் பக்கத்து வீட்டு வாசலில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். ஏது என்று கேட்டேன்.

"மாமா குடுத்தாரு. நான் ஸ்கூல் விட்டு வந்தப்பவே வந்துட்டாருப்பா. ரொம்ப நேரம் என்கூட விளையாண்டாரு. நீங்க மட்டும் ஏன் லேட்டு?"

"அப்பாவுக்கு வேலைம்மா" என்றேன்.

"மாமாவுக்கும் அதே வேலைதானேப்பா?" என்றாள்.