அப்பா நடத்திய விசாரணை

தொண்ணூறுகளின் நடுவில், கனடாவில் பள்ளியின் கடைசி ஆண்டான பதின்மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்திருந்தேன். வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தார். தான் அங்கே படித்த பழைய மாணவி என்றும், என்னோடு பேசிப் பார்த்துப் பல்கலைக்கழகத்துக்கு அறிக்கை அனுப்புவது தன் பொறுப்பு என்றும் சொன்னார். இரண்டு கிழமை கழித்து வரும் சனிக்கிழமை பக்கத்து ஊரான யூனியன்வில்லில் உள்ள தன் வீட்டுக்கு வரச் சொன்னார். முழு உதவிப்பணத்தோடு இடம் கிடைத்தால்தான் நான் போகலாம். அந்த ஒரு இடத்துக்காகத்தான் இவ்வளவும்.

எங்களுக்குத் தெரிந்த, ஊர்க் கல்லூரிகளின் பழைய மாணவர்கள் வேறு மாதிரி. வருடத்துக்கு ஒருமுறை மண்டபம் எடுத்து, கல்லூரிக் கீதம் பாடி, ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்தி, கொத்துரொட்டி சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்கள். அப்படி ஒருவரிடம் ஒரு பல்கலைக்கழகம் பிள்ளையின் படிப்பை ஒப்படைக்கும் என்பதை அம்மாவால் நம்பமுடியவில்லை. அப்பாவுக்கோ ‘இன்டர்வியூ’ என்ற சொல்லே போதுமாக இருந்தது. அவர் வாழ்க்கையில் முகம் கொடுத்த ஒரே நேர்முகம் கனடா வந்தபோது நடந்த அகதி விசாரணை. அதில் வென்றவர். ஆகவே மல்வேர்னில் எங்கள் டவுன்ஹவுசுக்குள் இந்த விடயத்தில் அவரை விட்டால் ஆளில்லை.

அன்றிலிருந்து அவர் வேலையால் வந்ததும் சாப்பாட்டு மேசை விசாரணை அறையாகிவிடும். அப்பா நீதிபதி. அம்மா மொழிபெயர்ப்பாளர்.

“பிள்ளைக்கு இங்கிலீசு தெரியும்தானே, நான் என்னத்தை மொழிபெயர்க்கிறது?” என்றார் அம்மா.

“நீர் பக்கத்திலை இருந்தால் போதும். முறை எண்டு ஒண்டு இருக்கு.” பிறகு என் பக்கம் திரும்புவார். “கேட்டதுக்கு மட்டும் மறுமொழி சொல்லு. ஒரு சொல்லுக் கூடச் சொன்னியோ, அதிலை பிடிச்சு இழுப்பினம். திகதி மாறப்படாது. சிரிக்காதை, பொய்யெண்டு நினைப்பினம்.”

“அவ ஏனப்பா என்னைப் பொய்யெண்டு நினைக்கிறா?”

“நினைக்கிறதுதான் அவையின்ரை வேலை.”

சூடு கண்ட பூனை என்று எனக்கு எரிச்சல் வந்தது. ஆனாலும் மறுக்கவில்லை. அந்தப் பெண் என்ன கேட்பார் என்று எனக்கும் தெரியாதே. சம்பளமில்லாமல் ஒரு சனிக்கிழமையைச் செலவழித்து, முன்பின் தெரியாத பிள்ளையிடம் ஒருவர் என்னத்தை அறிய விரும்புவார்? பஸ்ஸிலும் வகுப்பிலும் குளிக்கும்போதும் இதே யோசனைதான்.

அந்தச் சனிக்கிழமை அப்பா அந்தப் பெண்ணின் வீட்டுக்கு எதிரே நிறுத்திவிட்டுக் காருக்குள்ளேயே இருந்தார். கதவைத் திறந்த பெண்ணுக்கு அறுபது வயதிருக்கும். காலில் கம்பளிக் காலுறை. நான் உட்கார்ந்ததும் அப்பா தந்த கோப்பை அவர் முன்னால் வைத்தேன். பிறப்புச் சான்றிதழ், முத்திரை குத்திய அதன் மொழிபெயர்ப்பு, கனடாவில் குடியேற அனுமதி தந்த பத்திரம்.

“இவை எனக்கு எதற்கு?” என்றார்.

“எல்லாம் ஒரிஜினல்,” என்றேன்.

எந்தப் பாடம் பிடிக்கும் என்று கேட்டார். “உயிரியல்.” அதில் எது? “தேனீக்கள்.” ஏன்? “அவை நடனமாடி வழி சொல்லும்.” அதோடு வாயை மூடிக்கொண்டேன். சிரிக்கவும் இல்லை. இருபது நிமிடத்தில் அவர் தாளில் ஐந்து வரி இருந்திருந்தால் அதிகம். கடைசியில் பேனாவை வைத்துவிட்டு, “உனக்கு என்னிடம் ஏதாவது கேட்க இருக்கிறதா?” என்றார்.

அப்பாவின் விசாரணையில் இப்படி ஒரு கேள்வி வந்ததேயில்லை. இரண்டு கிழமையாக மனதில் கிடந்ததெல்லாம் வரிசையில்லாமல் வெளியே வந்தது. நீங்கள் ஏன் இதைச் செய்கிறீர்கள்? என்னைப் பற்றி என்ன எழுதுவீர்கள்? யாரையாவது பிழையாக எழுதியிருக்கிறீர்களா? அவர் வாய்விட்டுச் சிரித்தார். இரண்டு பேரைப் பிழையாக எழுதியதாகவும், அதில் ஒருவர் இன்னும் நத்தார் பண்டிகைக்கு வாழ்த்து அனுப்புவதாகவும் சொன்னார். அதற்குப் பிறகு நானும் தேனீக்களைப் பற்றி மூச்சுவிடாமல் பேசினேன். தேநீர் இரண்டு தரம் வந்தது. எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

வெளியே வந்தபோது கிட்டத்தட்ட இரண்டு மணித்தியாலம் ஆகியிருந்தது. அப்பா காரைவிட்டு இறங்கிப் பனிக்குள் நின்றார். முகம் செத்துப்போயிருந்தது.

“எங்கை பிள்ளை பிழைச்சது?”

நல்ல கேஸ் என்றால் கெதியாக முடிந்துவிடும், சந்தேகம் வந்தால்தான் இழுபடும் என்பது அவர் கணக்கு.

“பிழைக்கேல்லையப்பா. நான் அவவிட்டைக் கேள்வி கேட்டனான்.”

“நீயோ? அவவிட்டையோ? கேக்க விட்டவவோ?”

“ஓம்.”

வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா அம்மாவிடம், “உவள் அவையைக் கேள்வி கேட்டிட்டு வந்திருக்கிறாள்,” என்றார். அந்தக் குரலில் பயமும் பெருமையும் சரிபாதி இருந்தன.

ஏப்ரலில் மெல்லிய கடித உறை ஒன்று வந்தது. இடம் இல்லை. வாசலில் நின்றபடியே வாசித்தேன், அழுதேன். அந்தப் பெண் நல்லதாகத்தான் எழுதியிருப்பார் என்று இன்றும் நம்புகிறேன். அதற்கு என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். பின்பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

“அப்பீலுக்கு எத்தினை நாள் தந்திருக்கினம்?”

“இதுக்கு அப்பீல் இல்லையப்பா.”

“அகதிக்கே அப்பீல் இருக்கு,” என்றார். கடிதத்தை மடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். “அப்ப, அவை பிழை விட்டிட்டினம் எண்டு நாங்கள் ஆரிட்டைப் போய்ச் சொல்லுறது?”