வெள்ளிக்கிழமைக் கசிவு

உப்பளம் பகுதியில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் மாடி வீட்டின் குளியலறைக்கு நேர் கீழே வீட்டுக்காரம்மாவின் படுக்கையறை. சென்ற ஆண்டு அந்த அறையின் கூரையில் ஈரம் படர்ந்து சொட்டத் தொடங்கியது. தலைப்பிரசவத்துக்கு வரவிருந்த மகளுக்காக அவர் ஒதுக்கி வைத்திருந்த அறை அது. பிளம்பர் வந்து பார்த்துவிட்டு, எங்கள் குளியலறைத் தரையை முழுவதும் உடைக்க வேண்டும் என்றார். உடைத்தால் நாங்கள் வீட்டைக் காலி செய்தாக வேண்டும்.

"நான் இன்னா பண்றது பாப்பா? பச்சப் புள்ள தலையில தண்ணி சொட்டுனா நல்லாவா இருக்கும்?" என்றார் வீட்டுக்காரம்மா.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவள் நான் ஒருத்திதான். கரண்ட் பில்லில் தொடங்கி மருந்துச் சீட்டு வரை எல்லாம் என்னிடம்தான் வரும். அதில் எனக்குக் கர்வமும் உண்டு. கொஞ்சம் பொறுங்கள், எங்கே ஒழுகுகிறதென்று நானே கண்டுபிடிக்கிறேன் என்றேன்.

இடம் தெரியாமல் எதையும் உடைக்கக் கூடாது. குழாயில் எப்போதும் தண்ணீர் நிற்கிறது. அதில் ஓட்டை இருந்தால் எல்லா நாளும் சொட்ட வேண்டும். கீழே விசாரித்தால், வெள்ளி சாயங்காலம் சொட்டுமாம், திங்களன்று காய்ந்துவிடுமாம். ஆகவே குழாய் இல்லை. ஃப்ளஷ் டேங்கில் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைக் கலந்து பார்த்தேன். யாரும் அழுத்தாமலே பீங்கானில் நீலம் வழிந்தது. உள்ளே வாஷர் தேய்ந்திருந்தது. மாற்றினேன். தண்ணீர் மிச்சமானதே தவிர, கூரைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மிச்சமிருந்தது வெள்ளிக்கிழமை. அம்மா குளியலறை கழுவும் நாள். தண்ணீர் வெளியேறும் ஓட்டையில் பழந்துணியை அடைத்து, ஆசிட் கலந்த தண்ணீரைக் குளம்போலக் கட்டி ஊறவைத்துத் தென்னந்துடைப்பத்தால் தேய்ப்பார். எங்கள் தெருவின் உப்புத் தண்ணீருக்கு எல்லா வீட்டு டைல்ஸும் பழுத்திருக்கும். எங்களுடையது மட்டும் பளிச்சென்றிருக்கும். அந்த வெள்ளியன்று ஆசிட் வேண்டாம் என்று சொல்லி, கட்டிய தண்ணீரில் நீலத்தை ஊற்றினேன்.

"தரைக்கு நீலம் போடறியே, அடுத்து இஸ்திரி போடுவியா?" என்றார் அம்மா.

சாயங்காலம் கீழேயிருந்து சத்தம். "ஏய் பாப்பா! நீலமா சொட்டுதுடி! என் பெட்ஷீட் போச்சு!"

டைல்ஸுக்கு இடையே பூசிய சிமெண்டை ஆசிட் அரித்திருந்தது. குளிக்கும் தண்ணீர் ஓடிவிடும். தேங்கிய தண்ணீர்தான் அந்த இடுக்கு வழியே இறங்கியிருக்கிறது. அம்மாவிடம் சொன்னேன்.

"நான் கழுவறதாலதான் ஒழுவுதா? அழுக்கா கெடந்தா ஒழுவாதாமா? நல்லா படிச்ச போ!"

அவர் விரலைப் பிடித்து இடுக்கில் வைத்தேன். நகம் உள்ளே போனது. அம்மா எழுந்து அடுப்படிக்குப் போனார். பிறகு பழைய கத்தியை எடுத்து வந்து உட்கார்ந்து, "தள்ளு, உனக்குச் சொரண்டத் தெரியாது" என்றார்.

தளர்ந்த சிமெண்டையெல்லாம் அவர் சுரண்டி எடுத்தார். தரை நன்றாகக் காய்ந்தபின், டைல்ஸ் கடையில் வாங்கிய இடுக்குப் பூச்சை நான் விரலால் அழுத்தி நிரப்பினேன். அது இறுகும் வரை தண்ணீர் படக் கூடாது என்பதால் வீட்டுக்காரம்மா கீழேயே எங்களைக் குளிக்கச் சொன்னார். அம்மாவுக்கு அந்தக் குளியலறையின் கறையைப் பார்க்கப் பொறுக்கவில்லை. "ஆசிட்டு இருக்கா?" என்று கேட்கப் போனவரைக் கையைப் பிடித்து இழுத்தேன்.

அடுத்த வெள்ளி வேண்டுமென்றே மறுபடி தண்ணீர் கட்டினோம். வீட்டுக்காரம்மா கட்டிலில் மல்லாந்து படுத்துக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொட்டுதாங்க?" என்று அம்மா மாடிப்படியிலிருந்து கத்தினார்.

"காணமே!"

"நல்லா பாருங்க!"

"எனக்குக் கழுத்தே வலிக்குது, போதும் எறக்கு தண்ணிய!"

அன்றைக்கே பிளம்பரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்தக் கூரைக் கொக்கியில் இப்போது தூளி தொங்குகிறது. அம்மா சோப்புத் தூள் போட்டுக் கழுவி முடித்ததும் கீழே போய்க் குழந்தையைக் கொஞ்ச நேரம் ஆட்டிவிட்டு வருகிறார்.